அடிக்குத் தண்டனையா, நினைப்புக்குத் தண்டனையா?

வெறுப்புக் குற்றச் சட்டங்கள் தனிமனித சுதந்திரத்தில் கை வைக்கின்றனவா என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். அதே விஷயத்தில் அடுத்தடுத்து இன்னும் பல கேள்விகள் வந்துவிட்டன, சில கோபமாகவே. அதனால் இந்த இதழில் பகுதி முழுவதும் இதற்குத்தான். முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். அடிதடி, தீவைப்பு, மிரட்டல், கொலை என்று எப்படியும் குற்றமாக இருக்கும் ஒரு செயலை, எதிரில் இருப்பவரின் இனம், மதம், சாதி, பாலினம் மாதிரி ஏதோ ஒன்றுக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் அது வெறுப்புக் குற்றம். வெறுப்புப் பேச்சு என்பது வேறு, அங்கே பேச்சைத் தவிர வேறு செயல் எதுவும் இருக்காது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் இந்த வாதம் எங்கே போனாலும் முடியாமல் நிற்கிறது.

கேள்வி: ஒருவனை அடித்தால் அடித்ததற்குத் தண்டனை கொடுங்கள், சரி. அவன் மனசுக்குள் என்ன நினைத்து அடித்தான் என்று தோண்டிப் பார்த்து அதற்கும் சேர்த்துச் சில வருஷம் போட்டால், அது எண்ணத்துக்குத் தண்டனை இல்லையா? எண்ணம் என் சொந்த விஷயம் அல்லவா?

எண்ணம் உங்கள் சொந்த விஷயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சட்டம் மனசைப் பார்ப்பது இதற்காகப் புதிதாகத் தொடங்கிய வழக்கம் அல்ல. வண்டி ஓட்டும்போது கவனம் சிதறி ஒருவர்மேல் மோதியவர், ஆத்திரத்தில் பிடித்துத் தள்ளியவர், ஒரு மாதம் திட்டம் போட்டுக் கொன்றவர், காசு வாங்கிக்கொண்டு கொன்றவர் என்று நாலு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலிலும் போனது ஒரு உயிர்தான். நாலுக்கும் ஒரே தண்டனை என்று எந்த நாட்டிலும் இல்லை, இருந்தால் நாமே அதை அநியாயம் என்போம். வேலை விஷயத்திலும் அப்படித்தான். முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது குற்றமில்லை, அவருடைய நிறத்துக்காக நிறுத்தினால் பல நாடுகளில் சட்டவிரோதம். அங்கே ‘எண்ணத்தைத் தண்டிக்கிறார்கள்’ என்று யாரும் குரல் எழுப்புவதில்லை.

இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்த வழக்கு ஒன்று இருக்கிறது. 1989 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊரில் கறுப்பின இளைஞர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு படத்தின் காட்சியைப் பற்றி. பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் ஒரு கறுப்பினச் சிறுவனை ஒரு வெள்ளைக்காரன் போட்டு அடிக்கும் காட்சி. அவர்களில் மூத்தவர்களில் ஒருவனான மிட்செல், வெள்ளைக்காரர்களை ஒரு கை பார்க்க உங்களுக்கு வேகம் வந்துவிட்டதா என்கிற மாதிரி மற்றவர்களைக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் 14 வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் நடந்து வந்தான். அதோ ஒருத்தன் போகிறான், பிடியுங்கள் என்று மிட்செல் கைகாட்ட, கூட்டம் ஓடிப்போய் அவனை அடித்து அவன் ஷூவையும் பிடுங்கிக்கொண்டது. பையன் நான்கு நாள் கோமாவில் கிடந்தான்.

அந்த அடிக்கு மட்டும் என்றால் அதிகபட்சம் இரண்டு வருஷம்தான். இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்ததால் அந்த மாநிலச் சட்டப்படி அது ஏழு வருஷம் வரை போகலாம். மிட்செலுக்கு நாலு வருஷம் விழுந்தது. இது எண்ணத்துக்குத் தண்டனை என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது, கிட்டத்தட்ட நீங்கள் கேட்கும் அதே காரணத்தைச் சொல்லி. 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். ஆளை அடிப்பது கருத்துச் சொல்வது ஆகாது, எந்தக் காரணத்துக்காக அடித்தான் என்பதைத் தண்டனையில் கணக்கில் எடுப்பது காலங்காலமாக நடப்பதுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நான் இந்தத் தீர்ப்பின் பக்கம். மிட்செல் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம், பொங்கியிருக்கலாம், வெள்ளைக்காரர்களையே பிடிக்காது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கலாம். அவன்மேல் எந்தச் சட்டமும் பாய்ந்திருக்காது. தெருவில் போன முகம் தெரியாத ஒரு பையனை அவனுடைய தோலைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தானே, அங்கேதான் அது எண்ணம் என்ற எல்லையைத் தாண்டிச் செயலின் ஒரு பாகமாகிவிட்டது.

கேள்வி: எல்லா உயிரும் ஒன்றுதானே? ஒரு கூட்டத்தை அடித்தால் அதிகம், இன்னொரு கூட்டத்தை அடித்தால் குறைவு என்றால் சட்டத்தின் முன் சமம் என்பது என்ன ஆவது?

மேலே சொன்ன வழக்கில் அடிபட்டவன் வெள்ளைக்காரன், தண்டிக்கப்பட்டவன் கறுப்பினத்தவன் என்பதைக் கவனித்தீர்களா? பெரும்பாலான நாடுகளில் இந்தச் சட்டம் ‘இனம்’, ‘மதம்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கும், இன்ன இனம் இன்ன மதம் என்று பெயர் சொல்லாது. இரண்டு பக்கமும் வெட்டும்.

விதிவிலக்குகள் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மட்டுமான பாதுகாப்பு. அவர்களைச் சேராத ஒருவர் செய்தால்தான் அந்தச் சட்டம் வரும். தீண்டாமையை ஒழித்ததாக அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு சொன்ன பிறகும் கொடுமை ஒரே திசையில்தான் பாய்ந்துகொண்டிருந்தது என்பதால் பாதுகாப்பும் அந்தத் திசைக்கு எழுதப்பட்டது. அதை நான் சமத்துவத்துக்கு விரோதமாகப் பார்க்கவில்லை.

அடி ஒன்றுதானே என்பதற்கு வருகிறேன். ஒரு சுவரில் யாரோ தன் காதலியின் பெயரைப் பெயின்ட்டில் எழுதுகிறான். இன்னொருவன் அதே பெயின்ட்டில் ஒரு யூதக் கோவிலின் கதவில் நாஜிச் சின்னத்தை வரைகிறான். பெயின்ட் விலை ஒன்று, துடைக்கிற கூலியும் ஒன்று. முதலாவதைப் பார்த்து வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே துடைப்பார். இரண்டாவதைப் பார்த்த அன்றைக்கு அந்தக் கோவிலுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைகளைத் தனியாக வெளியே அனுப்பலாமா என்று யோசிக்கும், அடுத்த வாரம் பிரார்த்தனைக்கு வரலாமா என்று யோசிக்கும், அந்த ஊரிலேயே இருக்கலாமா என்றுகூட யோசிக்கும். சேதம் கதவோடு நிற்கவில்லை. விளைந்த கேடு பெரிது என்பதால் தண்டனையும் பெரிது, இதில் யார் உயிர் உசத்தி என்ற பேச்சே வரவில்லை.

கேள்வி: கொலைக்குத்தான் ஏற்கெனவே உச்ச தண்டனை இருக்கிறதே. அதற்கு மேல் என்ன கூட்டப் போகிறார்கள்? வெறும் அரசியல்வாதிகளின் பகட்டுச் சட்டம்தானே?

கொலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. 1998-ல் டெக்சாஸ் மாநிலம் ஜாஸ்பரில் ஜேம்ஸ் பைர்ட் என்ற கறுப்பினத்தவரை வண்டியின் பின்னால் கட்டி இழுத்தே கொன்றார்கள் மூன்று வெள்ளை இனவெறியர்கள். இரண்டு பேருக்கு மரண தண்டனை, மூன்றாமவனுக்கு ஆயுள். அவர் பெயரைத் தாங்கிய மத்திய வெறுப்புக் குற்றச் சட்டம் வந்தது 2009-ல்தான். அது இல்லாமலேயே அந்தத் தண்டனைகள் கிடைத்தன. இந்தியாவிலும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிறது. சாதாரணக் கொலைக்கும் அதே தண்டனைதான்.

ஆனால் சட்டம் பயன்படும் இடம் கொலை அல்ல. கண்ணாடி உடைப்பு, துப்புவது, முக்காட்டைப் பிடித்து இழுப்பது, வாசலில் அசிங்கம் செய்வது மாதிரி, ‘சின்ன விஷயம், சமாதானமாகப் போங்கள்’ என்று காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பிவிடுகிற குற்றங்களில்தான் அது பயன்படும். இங்கிலாந்தில் சாதாரண அடிதடிக்கு அதிகபட்சம் ஆறு மாதம், அதையே இன விரோதத்தோடு செய்தால் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை போகலாம். வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

அப்புறம் விசாரணை. 1993 ஏப்ரலில் லண்டன் எல்தம் பகுதியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின மாணவனைக் குத்திக் கொன்றார்கள். சந்தேகப்பட்டவர்களின் பெயர்கள் சீக்கிரமே போலீஸ் காதுக்கு வந்துவிட்டன, ஆனாலும் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. 1999-ல் வெளிவந்த மேக்பர்சன் விசாரணை அறிக்கை லண்டன் போலீஸின் அமைப்புக்குள்ளேயே இனவாதம் ஊறியிருந்தது என்று எழுதியது. அங்கே தண்டனை போதாமல் இல்லை, தேடிப் பிடிக்கிற அக்கறைதான் இல்லாமல் போனது. ‘இந்தச் சம்பவத்துக்குப் பின்னால் வெறுப்பு இருந்ததா’ என்று போலீஸைக் கேட்க வைப்பதும், பதிவு செய்ய வைப்பதும், என் கணக்கில் கூடுதல் வருஷங்களைவிடப் பெரிய பலன்.

கேள்வி: என் அலமாரியில் எல்லா விதமான புத்தகமும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் எதையாவது எழுதியும் இருப்பேன். நாளைக்கு பார்க்கிங் தகராறில் யாரோடாவது கைகலப்பு ஆகிவிட்டால் அதையெல்லாம் எடுத்துக் கோர்ட்டில் காட்டி என்னை வெறியன் ஆக்கிவிட மாட்டார்களா?

வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இந்தச் சட்டங்களில் சுதந்திரத்துக்கு உண்மையான ஆபத்து இருப்பது சாட்சியத்தில்தான். காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அரசு வழக்கறிஞர் காரணத்தைத் தேடுவார், தேடுகிறவர் கை எங்கே வரைக்கும் நீளலாம் என்பதற்கு வேலி வேண்டும்.

சில வேலிகள் போடப்பட்டிருக்கின்றன. 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு டெலவேர் மாநிலத்திலிருந்து ஒரு கொலை வழக்கு வந்தது. குற்றவாளி ‘ஆரியன் பிரதர்ஹுட்’ என்ற வெள்ளை இனவாதச் சிறைக் கும்பலைச் சேர்ந்தவன் என்று ஜூரியிடம் சொல்லி மரண தண்டனை வாங்கியிருந்தார்கள். கொல்லப்பட்டவரும் வெள்ளைக்காரர், கொலைக்கும் இனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்படியிருக்க அவனுடைய நம்பிக்கையை எதற்குக் காட்டினீர்கள் என்று கேட்டு, அந்தத் தண்டனை செல்லாது என்றது நீதிமன்றம். அருவருப்பான நம்பிக்கை உள்ளவனுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது வேலி 2000-ல் வந்தது. நியூ ஜெர்சியில் அப்ரெண்டி என்பவர் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் பத்து வருஷம். இன வெறுப்பால் செய்ததாகத் தெரிகிறது என்று நீதிபதி தானாகவே ஒரு முடிவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் போட்டார். தன் வீட்டுப் பக்கம் கறுப்பினத்தவர் வேண்டாம் என்று அவர் போலீஸில் சொன்னதாகச் சொல்லப்பட்டது, பிறகு அப்படிச் சொல்லவில்லை என்றார். உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது இது: ஒருவர் முன்பே பெற்ற தண்டனையைத் தவிர, உச்சவரம்பைத் தாண்டிப் போக வைக்கிற எந்த விஷயமானாலும், அதை ஜூரியின் முன் வைத்து, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற ஊகத்துக்கு ஒரு நாள்கூடக் கூட்ட முடியாது. சுட்டவர்மேல் எனக்கு எந்தப் பரிவும் இல்லை, ஆனால் இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் உங்கள் பயம் முழுக்க நியாயமானது.

எல்லா நாட்டிலும் வேலி இவ்வளவு உயரம் இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் காரணம் வெறுப்புதான் என்று நிரூபிக்கக்கூட வேண்டாம், குற்றத்தைச் செய்யும் நேரத்தில் அந்த விரோதத்தை வெளிக்காட்டினாலே போதும். மூட்டுவலியால் மொபிலிட்டி ஸ்கூட்டரில் போய்வந்த ஒருவர், மூன்று ஸ்பானிஷ் பெண்கள் வழியில் நின்றதற்கு அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் என்று வைது, உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று கத்தி, அவர்கள் புகுந்த கடை வரைக்கும் மிரட்டலாகத் துரத்திக்கொண்டு போனார். வெளிநாட்டுக்காரர்கள் என்பது ஒரு இனமா என்ற கேள்வி 2007-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், ஆமாம், இது இன விரோதக் குற்றம்தான் என்று முடிவானது. அவர் துரத்தியது தப்பு, தண்டனைக்கும் உரியது. ஆனால் தகராறின் சூட்டில் வாயில் வந்த ஒரு வசவு குற்றத்தின் தரத்தையே மாற்றிவிடும் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆளைத் தேர்ந்தெடுத்தது அந்தக் காரணத்துக்காகத்தானா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. உங்கள் பார்க்கிங் தகராறில் சண்டைக்குக் காரணம் பார்க்கிங்தான் என்றால் அது அடிதடி வழக்கு, அவ்வளவுதான்.

இந்தியாவில் வன்கொடுமைச் சட்டத்தின் ஒரு பகுதியில், பாதிக்கப்பட்டவர் இன்ன சாதி என்பதற்காகவே செய்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றிருந்ததை, இன்ன சாதி என்று தெரிந்தே செய்தான் என்று நிரூபித்தால் போதும் என 2015-ஆம் ஆண்டு திருத்தத்தில் தளர்த்தினார்கள். மனசுக்குள் இருந்ததை நிரூபிக்க முடியாமல் எத்தனையோ வழக்குகள் உடைந்ததால் வந்த மாற்றம் அது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் தேவை புரிகிறது, ஆனாலும் ‘தெரிந்து’ என்பதும் ‘அதற்காக’ என்பதும் ஒன்றல்ல. நீதிமன்றங்கள் இதைக் கையாளும்போது அந்த இடைவெளியை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: செயலை விடுங்கள். பேச்சுக்கே தண்டனை கொடுக்கிற நாடுகள் இருக்கின்றனவே, அதையும் ஆதரிக்கிறீர்களா?

பெரும்பாலும் இல்லை. இங்கே நான் சுதந்திரத்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.

தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறவர்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிட வேண்டும், அதையே ஒரு தானிய வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே எழுதினார். வார்த்தை ஒன்றுதான், இடமும் நேரமும் வேறு. இதுவரை இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் ஒருவரின் வழக்கில் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நின்றது: உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டுவதற்காகப் பேசி, அது நடக்கவும் வாய்ப்பிருந்தால் மட்டும்தான் தண்டிக்கலாம்.

மற்ற ஜனநாயக நாடுகள் எல்லாம் இதை ஏற்கவில்லை. மாணவர்களுக்கு யூத வெறுப்பைப் பாடமாக நடத்திய அல்பெர்ட்டா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1990-ல் நாலுக்கு மூன்று என்று வெறுப்புப் பரப்பல் சட்டத்தைக் காப்பாற்றியது. ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 130-ஆவது பிரிவில் நாஜிகளின் யூத இனப்படுகொலையை மறுப்பதையே குற்றமாக வைத்திருக்கிறது. அந்த நாட்டின் வரலாற்றைத் தெரிந்தவர்கள் அதை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. ருவாண்டாவில் 1994-ல் இனப்படுகொலையின்போது ஒரு வானொலி யாரைக் கொல்ல வேண்டும், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஆள்பெயர், இடம் சொல்லி ஒலிபரப்பியது. கொலைக்கு வழிகாட்டுகிற அந்த வேலையைப் பேச்சுச் சுதந்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த ஊடகக்காரர்களைத் தண்டித்தது முழுக்கச் சரி.

ஆனால் தூண்டுதல் என்ற கோட்டை விட்டுவிட்டு ‘மனம் புண்படுவது’, ‘வெறுப்பை வளர்ப்பது’ என்று தளர்வாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2012 நவம்பரில் ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி மும்பை ஸ்தம்பித்து நின்றபோது, மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் அதைக் கேள்வி கேட்டுச் சில வரி எழுதினார், இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரையும் கைது செய்தார்கள். கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிப்பது வேறு, ஒரு கருத்துக்காக வாதாடுவது வேறு, தூண்டிவிடுவது வேறு, மூன்றாவதில்தான் சட்டம் நுழையலாம் என்றது அந்தத் தீர்ப்பு.

தளர்வான பேச்சுச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களைக் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. அதைக் கையில் எடுப்பவர் காவல் அதிகாரி, அவருக்கு மேலே அரசாங்கம். பலமுள்ள கூட்டத்துக்கு மனம் சீக்கிரம் புண்படும், புகார் எழுத ஆளும் உண்டு. பலமில்லாதவர் எழுதிய கோபமான வரிதான் முதலில் மாட்டும். சிறுபான்மையினர் பாதுகாப்புக்காகவே பேச்சுச் சட்டங்களை இறுக்க வேண்டும் என்கிற நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கேள்வி: சில நாடுகளில் குற்றமே இல்லாததையும் ‘வெறுப்புச் சம்பவம்’ என்று போலீஸ் பதிந்து வைக்கிறதாமே, உண்மையா?

உண்மை. லாரன்ஸ் கொலைக்குப் பிறகு இங்கிலாந்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பழக்கம் அது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ அப்படி உணர்ந்தாலே பதியலாம் என்று வைத்தார்கள். வருகிற ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கலாம் என்பது நோக்கம். அது வளர்ந்து வளர்ந்து, ட்விட்டரில் எழுதியதற்காக ஒரு முன்னாள் போலீஸ்காரரைத் தேடி அவர் வேலை செய்யும் இடத்துக்கே போலீஸ் போகும் அளவுக்கு வந்தது. அவர் எழுதியதில் குற்றம் எதுவும் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் அவர் பெயரில் பதிவு ஏறியது. 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழிகாட்டு நெறியே கருத்துச் சுதந்திரத்தில் அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்றது.

ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் 1 அன்று புதிய வெறுப்புக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன, மிகப் பெரும்பாலானவை குற்றமே அல்ல என்று போலீஸ் சொன்னது. அத்தனையையும் படித்துப் பார்க்கிற நேரத்தில் உண்மையிலேயே கதவில் கல் விழுந்த எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கலாம். குற்றம் செய்யாதவர் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் இருக்கக் கூடாது. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் பெயர் இல்லாமல் எண்ணலாமே.

கேள்வி: நான் ஒரு சிறுபான்மைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். சுதந்திரம் சுதந்திரம் என்று பேசுகிறவர்கள் எப்போதும் அடித்தவனுடைய சுதந்திரத்தைத்தான் பேசுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் நான் எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது என்று கணக்குப் போடுகிறேனே, அது யாருடைய சுதந்திரம்?

உங்களுடைய சுதந்திரம் அம்மா. நீங்கள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி, இந்த விவாதத்தில் அது எப்போதும் கடைசியில்தான் வருகிறது, இந்தப் பக்கத்திலும் கடைசியில் வந்ததற்கு வருத்தப்படுகிறேன்.

அரசாங்கம் பறித்தால்தான் சுதந்திரம் பறிபோனதாகக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரன் பறித்தாலும் அது போனதுதான். எந்த வீட்டில் குடியிருப்பது, எந்த உடையில் வெளியே போவது, யாரைக் கல்யாணம் செய்வது, எந்த மொழியில் ஃபோன் பேசுவது என்பதையெல்லாம் பயந்து பயந்து முடிவு செய்கிறவரிடம் அரசியலமைப்பு உங்களுக்கு எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் விடியற்காலை நேரத்தில் சில பையன்கள் உடைந்த நாற்காலிக் கால்களை டேப் போட்டு ஒட்டிச் சிலுவை மாதிரி செய்து, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வேலிக்குள் வைத்து எரித்தார்கள். கூ கிளக்ஸ் கிளான் காலத்திலிருந்து அதற்கு ஒரே அர்த்தம்தான், கறுப்பினத்தவருக்கு விடும் மிரட்டல். இனம், மதம் போன்றவற்றின் அடிப்படையில் மற்றவருக்குக் கோபமோ அச்சமோ மனக்கசப்போ ஏற்படுத்தும் சின்னங்களைத் தடை செய்கிற நகராட்சி விதியில் வழக்குப் போட்டார்கள். 1992-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை அடித்துத் தள்ளிவிட்டது, எந்தக் கருத்து பிடிக்கவில்லையோ அதை மட்டும் பொறுக்கித் தடை செய்கிறது என்று சொல்லி. அந்தக் குடும்பத்தின் இடத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு கசந்திருக்கும். பல கட்டுரைகள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன, பேச்சுச் சுதந்திரம் ஜெயித்தது என்றோ நீதி செத்தது என்றோ.

கதை அங்கே முடியவில்லை. தீர்ப்பிலேயே, ஒருவர் வீட்டு முற்றத்தில் சிலுவையை எரிப்பது கண்டிக்கத்தக்கது, அதைத் தடுக்க மிரட்டல், தீவைப்பு என்று வேறு சட்டங்கள் நகரத்திடம் இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். மத்திய அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பையன்கள்மேல் புது வழக்குப் போட்டார்கள். இந்த முறை சின்னத்தைப் பற்றியோ மனக்கசப்பைப் பற்றியோ பேச்சே இல்லை. ஒரு குடும்பம் தன் வீட்டில் குடியிருக்கும் உரிமையில், அவர்களுடைய இனத்துக்காக, மிரட்டித் தலையிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அது நிரூபணமானது, 1994-ல் மேல்முறையீட்டிலும் நின்றது.